உல்கான் அக்காவின் இருபத்து மூன்று வசவுகள்

காலை ஆறு பத்துக்குச் செய்தி வந்தது. நான் அடுப்புக்குக் கரி அள்ளிக்கொண்டிருந்தேன். போனில் ஜீபெக், சாலையோர உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறவள்.

"அக்கா, உல்கான் அக்கா போயிட்டாங்க. மாவு பிசைஞ்சிட்டே இருந்தாங்க, அப்படியே மூட்டை மேல உக்காந்தாங்க. களைப்புன்னு நெனச்சு நான் டீ ஊத்தி வெச்சேன்."

"டீ குடிச்சாங்களா?" என்று கேட்டேன். எதற்கு அதைக் கேட்டேன் என்று தெரியவில்லை.

"இல்ல அக்கா. அப்படியே இருக்கு."

அழுகை வரவில்லை. முதலில் வந்தது ஒரு கேள்விதான்: அக்கா புருஷனின் அண்ணன் இருக்கும் பெரிய வீட்டில் கூடாரம் எழுப்புவார்களா? எங்கள் ஊர் அக்-கப்காவில் ஒரு மருமகள் இறந்தால், அவள் புருஷன் வீட்டு முற்றத்தில் வெள்ளைக் கூடாரம் எழ வேண்டும். அதற்குள்தான் அவளைக் கிடத்த வேண்டும். பெண்கள் உள்ளே உட்கார்ந்து ஒப்பாரி வைக்க, ஆண்கள் வெளியே கோலூன்றி நின்று அழ வேண்டும். கூடாரம் எழவில்லையென்றால் அவள் அந்த வீட்டுக்காரி இல்லை என்று அர்த்தம். புருஷனுக்குப் பக்கத்தில் குழியும் கிடையாது.

உல்கான் அக்காவுக்கு அந்தக் கூடாரம் சந்தேகமாக இருந்தது. அதற்குக் காரணம் நான்.

அவர் ஜும்கால் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் ரிஸ்பெக்குக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார். ரிஸ்பெக் லாரி ஓட்டினார், தோலோன் கணவாய் தாண்டிச் சீன எல்லை வரைக்கும். அக்கா கணவாய்க்கு இந்தப் பக்கம் ஓட்டுநர்கள் சாப்பிடும் உணவகத்தில் சமையலுக்குச் சேர்ந்தார். இருபத்தாறு வருஷம் அதே அடுப்பு. நூடுல்ஸ் மாவை இழுத்து, முறுக்கி, பலகையில் அடிக்கிற சத்தத்தை வைத்தே அக்கா கோபமாக இருக்கிறாரா இல்லையா என்று ஓட்டுநர்கள் சொல்லிவிடுவார்கள். ஒரு தடவை குடித்துவிட்டு வந்து ஜீபெக்கின் கையைப் பிடித்தவனைக் கரண்டியால் நெற்றியில் ஒரு போடு போட்டு, அந்தக் காயத்துக்குத் தானே மருந்தும் வைத்து, "அடுத்த தடவ சூடான கரண்டி" என்று சொல்லி அனுப்பினார்.

ஆனால் அவர் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அதற்கும் மேலே. மாமனார் பெயர் தெமிர். எங்கள் மொழியில் அதற்கு இரும்பு என்று பொருள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அக்கா இரும்பையே இரும்பு என்று சொன்னதில்லை. இரும்புச் சட்டி அவருக்குக் கறுப்புச் சட்டி. இரும்பு அடுப்பு கறுப்பு அடுப்பு. புருஷனின் அண்ணன் மம்பெத்தலியை 'பெரிய வீட்டார்' என்பார். மாமனார் செத்து முப்பது வருஷம் ஆன பிறகும் கறுப்புச் சட்டி கறுப்புச் சட்டியாகவே இருந்தது. நானும் மருமகள்தான். என் மாமனார் பெயரை நான் எழுத்தில் எழுதுவேன், வாயால் சொல்ல மாட்டேன். அக்கா அளவுக்கு யாரும் இல்லை.

அப்படிப்பட்டவர் ஒரு புத்தகம் எழுதினார். அதில் இருபத்து மூன்று வசவுகள் இருந்தன.

ரிஸ்பெக் ஒரு பிப்ரவரியில் கணவாயில் பனிச்சரிவில் போனார். பதினைந்து வருஷம் கழித்து அக்கா எழுத ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து சாயங்காலக் கூட்டம் வருவதற்கு நடுவே இரண்டு மணி நேரம் இருக்கும். மாவு மூட்டை அடுக்கியிருக்கும் அறையில், கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். பக்கங்களில் மாவு படிந்திருக்கும். நோட்டு நிறைந்ததும் நூலகத்துக்கு எடுத்துக்கொண்டு வந்தார். நான் அப்போதே இந்த ஊர் நூலகர். கல்லூரி படித்தவள், பிழையில்லாமல் எழுதுவேன் என்று ஊரில் பெயர்.

"தங்கச்சி, எழுத்துப்பிழை ஏகத்துக்கு இருக்கும். பாத்து சரி பண்ணிக் குடு" என்றார்.

"என்ன எழுதியிருக்கீங்க அக்கா?"

"ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரர் பேசுனத எழுதி வெச்சிருக்கேன். மறந்துடும்னு பயமா இருக்கு. மொகம் போட்டோவுல இருக்கு. பேச்சு எதுல இருக்கு?"

கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு லாரி ஓட்டுநர், அவன் மனைவி, ஒரு குளிர்காலம். பெயர்களை மாற்றியிருந்தார், ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்த ஓட்டுநர் வாயைத் திறந்தால் வசவில்லாமல் ஒரு வாக்கியம் வராது. டயரைத் திட்டுவான், பனியைத் திட்டுவான், மனைவி கொடுக்கிற ரொட்டியைத் திட்டிக்கொண்டே மூன்று தின்பான். படிக்கும்போது நான் இரண்டு முறை சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். மொத்தம் நான்கே சொற்கள்தான், மாறி மாறி இருபத்து மூன்று இடத்தில். நம் ஊர் மினிபஸ்ஸில் அரை மணி நேரத்தில் கேட்கிற அளவுகூட இல்லை.

ஓட்டுநர்கள் சேர்ந்து தலைநகரில் அச்சுக்கு ஏற்பாடு செய்தார்கள். மெய்ப்பு என்னிடம் வந்தது. நான் அக்காவிடம் கேட்டேன்.

"அக்கா, இந்த வார்த்தைங்கள மட்டும் எடுத்துடலாமா? பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்ற எடம். ஒரு பொம்பள எழுதுன புத்தகம் வேற."

"வேண்டாம்மா."

"மூணு புள்ளி வெச்சுடலாம். படிக்கறவங்களுக்குப் புரியும்."

"புரியாது" என்றார். "அவரு ஒரு நாளும் எங்கிட்ட 'அன்பே'ன்னு சொன்னதில்ல. வீட்டுக்குள்ள வந்தா 'அடியே'" என்றவர், மெய்ப்பில் 'ங்கொம்மாள' என்ற சொல்லை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, "'டீ ஏண்டி ஆறிப்போச்சு'ன்னுதான் வருவாரு. அத எடுத்துட்டா அவரு வீட்டுக்கு வரவே இல்லன்னு ஆயிடும். இருக்கட்டும்."

இதற்கு மேல் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. நான் தலையை ஆட்டினேன். ஒரு வாரம் கழித்து அச்சகத்துக்குப் போன் செய்து, இருபத்து மூன்று இடங்களையும் பக்கம், வரி சொல்லிப் புள்ளி வைக்கச் சொன்னேன். அவருக்கு நல்லதுதான் செய்கிறேன் என்று அப்போது நம்பினேன். இன்று யோசித்தால், நூலகத்தில் என் மேஜைக்குப் பின்னால் அந்தப் புத்தகம் இருப்பதை நினைத்துதான் பயந்திருக்கிறேன்.

புத்தகக் கட்டு வந்த அன்று அக்கா கைகளை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஒரு பிரதியை எடுத்தார். புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம்.

"பல்லெல்லாம் புடுங்கி உக்கார வெச்ச மாதிரி இருக்காரு" என்றார்.

"அக்கா, நான்…"

"சரி விடு. ஒரு நல்லதுக்குத்தான் பண்ணியிருப்ப."

என்னைத் திட்டியிருக்கலாம். அந்த இருபத்து மூன்றில் ஏதாவது ஒன்றை என்மேல் செலவழித்திருக்கலாம்.

நூலகத்துக்கு ஒன்பது பிரதிகள் எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் வாசகர்களை முதல்முறையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இருபது வருஷமாக எங்கள் நூலகத்தில் தூசி படிந்த புத்தகங்களை வைத்துக்கொண்டு காத்திருந்தவள் நான். ஒரு மாதத்தில் அந்த ஒன்பதும் அலமாரியில் நிற்கவில்லை. பெண்கள் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரி அதற்கு முந்தின நாள்தான் சுற்றி வாங்கிப் போயிருந்தாள்.

மினிபஸ் ஓட்டும் குபாத் வந்தான். குழிக்கு ஒரு வசவு, மாட்டுக்கு ஒரு வசவு, பிரேக்குக்கு இரண்டு என்று வண்டி ஓட்டுகிறவன்.

"அக்கா, பதினாலாம் பக்கத்துல புள்ளி வெச்சிருக்கே, அது என்ன வார்த்த? நாங்க மூணு பேரு அடிச்சுக்கறோம்."

"தெரியாது."

"நீங்கதான திருத்துனீங்க? சொல்லுங்க. எம்மனசுல இருக்கறது சரியான்னு பாக்கணும்."

"உம்மனசுல இருக்கறது அந்தப் புத்தகத்துல இருக்காது குபாத்."

"அப்ப அதவிட மோசமா!" என்று கண்ணை விரித்தான். போகும்போது வாசலில் நின்று, "எம்பொண்ணு வர்ற லைப்ரரிக்கா இது? வெக்கமா இல்ல?" என்றும் கேட்டுவிட்டுப் போனான்.

பிரதிகள் திரும்பி வந்தபோது புள்ளிகளின் மேல் பென்சிலால் எழுதியிருந்தார்கள். நீல மையிலும் எழுதியிருந்தார்கள். ஒரே இடத்தில் மூன்று கையெழுத்து, ஒன்றை அடித்து இன்னொன்று. அக்கா எழுதிய நான்கு சொற்களும் அங்கே எங்குமே இல்லை. இருந்தவை நான் கேட்டேயிராதவை. பெற்ற தாயையும் படுத்த பாயையும் விடாதவை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஷர்ஷேகான் எடுத்துப் போன பிரதியில், யாரோ எழுதிய ஒரு அசிங்கத்துக்குச் சிவப்பு மையால் எழுத்துப்பிழை திருத்தியிருந்தது. ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழித்த இடத்தில் காகிதம் வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்து வாங்கியவர்கள் அந்த வெள்ளையின் மேல் புதிதாக எழுதினார்கள்.

நல்ல வார்த்தை ஒன்றைக்கூட யாரும் அந்தப் புள்ளிகளில் போட்டுப் பார்க்கவில்லை.

எல்லாவற்றிலும் மோசமானது அறுபத்து மூன்றாம் பக்கம். ஓட்டுநர் கடைசியாக வீட்டைவிட்டுப் புறப்படுகிற காட்சி. அச்சில் 'அந்த … இருக்கான்ல, எங்கண்ணன்' என்று நின்றது. எல்லோருக்கும் அண்ணன் யாரென்று தெரியும். பெரிய வீட்டு மம்பெத்தலி. ஊரின் மானஸ்தர். ரிஸ்பெக் போன பிறகு உல்கான் அக்காவின் மகளைத் தன் மகளாக நினைத்துக் கட்டிக்கொடுத்தவர். புள்ளிகளில் பையன்கள் எழுதி வைத்தது அவரைப் பெற்ற தாயைப் பற்றி. அதுதான் உண்மையில் அங்கே இருந்தது என்று ஒரு மாதத்தில் ஊரே நம்பியது. மம்பெத்தலி புத்தகத்தைப் படிக்கவில்லை. கண்ணில் புரை. மினிபஸ்ஸில் கேட்டார்.

நவம்பரில் வாசகர் கூட்டம் வைத்தோம். பண்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாவது வரிசையில் என் மாமனார். எழுத்தாளர் என்று அக்காவை மேடையில் உட்கார வைத்தோம். வெள்ளைத் தலைத்துணி கட்டி, மம்பெத்தலி உள்ளே வந்ததும் எழுந்து, மருமகள் நிற்கிற மாதிரி பக்கவாட்டில் திரும்பி நின்றார். கடைசிவரை உட்காரவில்லை.

முதலில் ஷர்ஷேகான் பேசினார்.

"இலக்கியம்னா மனசத் தூக்கி நிறுத்தணும். கெட்ட வார்த்தைய நாங்க தெருவுல கேக்கறோம், போதும். அதுக்கு எதுக்கு ஒரு புத்தகம்?"

பின்னாலிருந்து ஒரு ஓட்டுநர் எழுந்தார். "டீச்சர், பனியில செயின் மாட்டறவன் 'ஐயோ, என்ன ஒரு சங்கடம்'னா சொல்லுவான்?" எல்லோரும் சிரித்தார்கள். "அதுலயும் எல்லாம் புள்ளிதான் இருக்கு. புள்ளியப் பாத்துக் கோவப்படறது நீங்கதான்."

"புள்ளிக்குள்ள என்ன இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார் டீச்சர்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

மறுபடியும் சிரிப்பு. அப்போது மம்பெத்தலி கோலை ஊன்றி எழுந்தார். சிரிப்பு அடங்கியது. அவர் அக்காவைப் பார்க்கவில்லை. தம்பி மனைவியிடம் நேராகப் பேசுகிற பழக்கம் கிடையாது. என்னைப் பார்த்தார். நான் மேடையோரம் நின்றிருந்தேன்.

"அனார்குல், நீ படிச்ச பொண்ணு. நீதான் திருத்துனேன்னு சொல்றாங்க. எந்தம்பி என்னப் பத்தி என்னவோ சொன்ன மாதிரி அதுல எழுதியிருக்காம். அந்தப் புள்ளி இருக்கற எடத்துல என்ன வார்த்த இருந்துச்சு? எங்கம்மாவச் சொன்ன வார்த்தையா? அத மட்டும் சொல்லு. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."



அக்கா என் பக்கம் திரும்பினார். அவரால் சொல்ல முடியாது. புருஷனின் அண்ணன் முன்னால் குரலை உயர்த்தவே மாட்டார். அவர் பெயரையே சொல்லாதவர், அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வார்? தனியாக உட்கார்ந்து எழுத முடியும். நின்று சொல்ல முடியாது. இது மண்டபத்தில் இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். அந்தச் சொல் தெரிந்த ஆள் அங்கே இரண்டே பேர். மிச்சம் நான்.

அது என்ன சொல் என்று இப்போது எழுதுகிறேன். 'மயிராண்டி.' அவ்வளவுதான். 'அந்த மயிராண்டி இருக்கான்ல, எங்கண்ணன்.' நான் அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்திருப்பார்கள். மம்பெத்தலியே சிரித்திருப்பார்.

நான் முன்வரிசை அம்மாளைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் என் மாமனார் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது… சபையில சொல்ற வார்த்த இல்லீங்க" என்றேன்.

மம்பெத்தலி தலையை ஆட்டினார்.

"சரிம்மா. புரிஞ்சு போச்சு" என்றார். கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபம் இல்லை. கரண்டியை நீட்டி, வாங்கிக்கொள்ள ஆள் வராமல் கை அப்படியே நிற்கிற மாதிரி ஒரு பார்வை.

அதன் பிறகு பெரிய வீட்டில் ஆடு அறுத்தால் அக்காவுக்கு அழைப்பு வராது. விருந்தில் எலும்புக்கறியை வயதுக்கும் முறைக்கும் ஏற்றபடி பங்கு வைக்கும்போது, இரண்டாவது மருமகளின் பங்கு என்று ஒன்று இருக்கிறது. வர முடியாதவர்களுக்குத் துணியில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். அது வரவில்லை. எட்டு வருஷம் வரவில்லை. ஒரு பண்டிகையன்று நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவில் ஒரு பெண் துணிமூட்டையோடு வந்தாள். அக்கா எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனார். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். அக்கா திரும்பி வந்து, "காத்து ஜாஸ்தியா இருக்கு, கதவச் சாத்திடலாம்" என்றார்.

என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மாதம் ஒருமுறை நூலகத்துக்கு வந்து, படிக்க எடுத்துப் போன புத்தகத்தைத் திருப்பித் தருவார். "சௌக்கியமா தங்கச்சி? பையன் படிக்கறானா?" என்பார். வேறு எதுவும் எழுதவில்லை. ஒருமுறை கேட்டேன். "நோட்டு வாங்கி வெச்சிருக்கேன், மாவுக் கணக்கு எழுதறேன்" என்று சிரித்தார்.

பெரிய வீடு நூலகத்திலிருந்து இரண்டு தெரு. கையெழுத்து நோட்டு என் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. மெய்ப்புப் பார்த்த பிறகு அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து ஒரு பக்கத்தைக் காட்டினால் போதும். நாளைக்குப் போகலாம் என்று நினைப்பேன். என் மாமனார் உடம்புக்கு முடியாமல் கிடந்தார், அவர் போகட்டும் என்று நினைத்தேன். அவரும் போனார். பிறகு, இத்தனை நாள் கழித்துப் போனால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று மம்பெத்தலி கேட்பாரே என்று நினைத்தேன். ஒவ்வொரு வருஷமும் அந்தக் கேள்வி இன்னும் கனமாகிக்கொண்டே போனது.

அன்று காலை நான் உணவகத்துக்குப் போனபோது அக்காவை மாவு மூட்டை அறையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். விரல் இடுக்குகளில் மாவு காய்ந்திருந்தது. மகளுக்கு மாஸ்கோவுக்குப் போன் போயிருந்தது. மறுநாள்தான் வர முடியும். பத்து மணிக்கு ஜும்காலிலிருந்து அவருடைய தம்பி பெய்ஷெனலி வண்டியோடு வந்துவிட்டார்.

"கூடாரம் எங்க?" இதுதான் முதல் கேள்வி.

ஜீபெக் பெரிய வீடு இருந்த திசையைப் பார்த்தாள்.

"எங்கக்கா முப்பத்தெட்டு வருஷம் அந்த வீட்டு மருமக. அவ செத்து நாலு மணி நேரமாச்சு. ஒரு கம்பு நடல. மத்தியானம் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா என் வண்டியில ஏத்திட்டுப் போயி எங்க மண்ணுல பொதைப்பேன். அவங்க ஊரே வேடிக்க பாக்கட்டும்."

"கொஞ்சம் பொறுங்க அண்ணே" என்றார் ஒரு ஓட்டுநர். "பெரியவரு வீட்டுலதான் இருக்காரு. ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு."

நான் நூலகத்தைத் திறந்து, நோட்டை எடுத்துக்கொண்டு, அந்த இரண்டு தெருவையும் நடந்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மம்பெத்தலி முற்றத்தில் மரக்கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரோரம் கூடாரத்துக் கம்புகள் சாய்த்து வைத்திருந்தன. யாரோ கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து வைத்துவிட்டு, உத்தரவுக்காகக் காத்திருக்கிற மாதிரி. எழுபத்தெட்டு வயது. என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுகொண்டார்.

"அனார்குலா? சொல்லும்மா."

"ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும். உல்கான் அக்கா கையால எழுதுனது."

"இப்பவா?"

"இப்பதான்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே படித்தேன். வீட்டுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அவருடைய மகன்கள் இரண்டு பேர் நின்றார்கள். எதையும் விடவில்லை.

'வண்டி உறுமிக்கொண்டிருந்தது. "உள்ள போடி, ங்கொம்மாள, சளி புடிக்கும்" என்றான். நான் போகவில்லை. "நான் திரும்பி வரலேன்னா அந்த மயிராண்டி இருக்கான்ல, எங்கண்ணன், அவன்கிட்ட போயி நில்லு. பொண்ணுக்குக் கல்யாணம் அவன்தான் பண்ணணும். வேற எவன்கிட்டயும் போகாத. அந்த மயிராண்டிய விட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.'

 பெரியவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்திருந்தார், தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பது போல.

"இன்னொரு தடவ படி" என்றார்.

படித்தேன். அந்தச் சொல் வந்ததும் அவர் உதடும் கூடவே அசைந்தது.

"அப்படித்தான் கூப்புடுவான்" என்றார். "அஞ்சு வயசுலேர்ந்து. எங்கப்பா அதுக்காக அவன எத்தன அடி அடிச்சிருப்பாரு. அவன் போன அன்னைக்கப்புறம் யாரும் என்ன அப்படிக் கூப்புடல." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"எங்கம்மாவச் சொல்லல?"

"இல்லீங்க. புத்தகம் முழுக்க அவங்களப் பத்தி எங்கயும் இல்ல."

"எட்டு வருஷம், பொண்ணே" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எட்டு வருஷம் அவ பங்க நான் அனுப்பல. நீ ரெண்டு தெரு தள்ளி உக்காந்திருந்த."

 நோட்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எழுந்து மகன்களிடம், "கம்ப எடுங்கடா. சிவப்புப் பட்டை போட்ட கம்பளம் உள்ள இருக்கு, அதையும் எடுங்க. உங்க சித்திய வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார். மகன்கள் ஓடினார்கள். அவர் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கூடாரம் எழுவதற்கு முன்பே, வெற்று முற்றத்தில் நின்று சத்தமாக அழ ஆரம்பித்தார். எங்கள் பக்கத்தில் ஆண்கள் அழுகிற முறை வேறு. கூடாரத்துக்கு வெளியே, வருகிறவர்களைப் பார்த்து அழ வேண்டும். வருகிறவர்கள் யாரும் இன்னும் இல்லை. அவர் என்னைப் பார்த்துத்தான் அழுதார்.

மூன்றாம் நாள் அடக்கம் நடந்தது. ரிஸ்பெக்குக்குப் பக்கத்தில்தான். பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை, கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தோம். ஒப்பாரியில் ஒவ்வொருத்தியும் அக்காவைப் பற்றி ஒரு வரி கட்டிப் பாடினாள். கரண்டியைப் பாடினார்கள், மாவைப் பாடினார்கள், மாமனார் பெயரைச் சொல்லாத நாக்கைப் பாடினார்கள். புத்தகத்தை யாரும் பாடவில்லை. என் முறை வந்தபோது எனக்கு வரி வரவில்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் அக்கா பெரியப்பாகிட்ட பேசி எல்லாத்தையும் சரி பண்ணுனீங்களாம். அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றாள். அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதை எழுதி முடித்ததும் அவளுக்கு அனுப்புவேன்.

எல்லோரும் கலைந்து போகும்போது மம்பெத்தலி என்னைக் கூப்பிட்டார்.

"லைப்ரரியில இருக்கற புஸ்தகத்துல எல்லாம் அந்த வார்த்தைங்கள எழுதி வை. உங்கையாலயே எழுது. நாப்பதாம் நாளைக்குள்ள முடிச்சிடு. குபாத் படிக்கட்டும், அந்த டீச்சரம்மா படிக்கட்டும். எந்தம்பி என்ன பேசுனான்னு ஊருக்குத் தெரியட்டும்."

மறுநாளே ஆரம்பித்தேன். முதலில் பென்சில் எழுத்துகளை அழிக்க வேண்டும், பிறகு காகிதம் கிழியாமல் கறுப்பு மையால் எழுத வேண்டும். பலமுறை அழித்த இடங்களில் மை ஊறிப் பரவுகிறது. முதல் பிரதியில் அந்தச் சொற்களை எழுதும்போது கதவைத் தாழிட்டுக்கொண்டேன். மூன்றாவதிலிருந்து தாழிடுவதில்லை. ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இதுவா அது? இதுக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

நேற்று நாற்பதாம் நாள் போய்விட்டது. ஒன்பது பிரதிகளில் ஆறு முடிந்தன. ஏழாவதில் நாற்பத்தொன்றாம் பக்கம் வரை எழுதியிருக்கிறேன். எட்டாவது ஷர்ஷேகான் டீச்சர் வீட்டில் இருக்கிறது, ஒன்பதாவது குபாத்தின் மினிபஸ்ஸில். இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லை.